பூவின் முதுகையும் படமெடுங்கள்

(ஆட்டையாம்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காட்டுச்செடிகளைக் குளோசப்பில் படம் எடுத்து அடையாளம் காண்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இதைக் கேட்டதும் சேர்வராயன் மலைக்கோ கொல்லிமலைக்கோ போனால்தான் முடியும் என்று பலருக்கும் தோன்றும். மலைக்கு என்று ஒரு பெருமை உண்டு. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஆர்க்கிட்டுகளுக்கென்றே ஒரு தோட்டம் வைத்திருக்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் நான் பேச வந்தது கீழே, சமவெளியில் இருக்கும் செடிகளைப் பற்றி. வீரபாண்டி ரோட்டோரத்திலும், வெண்ணந்தூர் போகிற வழியில் ஏரிக்கரையிலும், குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பிலும், தறிக்கொட்டகைச் சுவரோரத்திலும் தானாக முளைத்துத் தானாகக் காய்ந்துபோகும் செடிகள். ஐப்பசி மழை விழுந்ததும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இவைதான். தினமும் மிதித்துக்கொண்டு போகிறோம். இவற்றில் பத்துக்காவது பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மார்கழிக் கடைசி நாளில் காப்புக் கட்டுகிறோம். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாக்கி வாசல் நிலையிலும் கூரையிலும் காட்டு மூலையிலும் செருகுகிறோம். சில ஊர்களில் மாவிலை சேரும், தும்பை சேரும். செடி அடையாளம் பற்றி நான் சொல்ல நினைப்பதில் பாதி இந்த ஒரு கொத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆவாரையை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் படம் எடுத்திருப்பீர்கள். நேர் எதிரே மஞ்சள் பூ, பின்னால் வானம். அழகான படம்தான். அதை ஊர்ப்பெயர் சொல்லாமல் ஒரு வெளியூர்த் தாவரவியலாளருக்கு அனுப்பிப் பாருங்கள். அவர் தயங்குவார். ஏனென்றால் அதே ஏரிக்கரையில் பேயாவரை நிற்கிறது. அதே ரோட்டோரத்தில் மழைக்குப் பிறகு தகரை அடர்ந்து முளைக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ஐந்து மஞ்சள் இதழ். அப்படியானால் எங்கே பார்ப்பது? பூவை விட்டுவிட்டு இலைக்கு வாருங்கள். ஆவாரை இலை தண்டோடு சேரும் இடத்தில், இரு பக்கமும் காதுமடல் மாதிரி அகலமான இலையடிச் செதில் இருக்கும். அது உதிராமல் நிற்கும். அடுத்து, சிற்றிலைகள் சோடி சோடியாகச் சேரும் நடுக்காம்பைப் பாருங்கள். ஒவ்வொரு சோடிக்கும் இடையில் சின்னதாக ஒரு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். தகரையில் அது கீழ்ச்சோடிகளுக்கு இடையில் மட்டுமே இருக்கும். பேயாவரையில் சிற்றிலைகளுக்கு நடுவே ஒன்றுமே இருக்காது. இலைக்காம்பின் அடியில் ஒரே ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கும். மூன்று செடிகளையும் பிரிக்க இது போதும். பூவே இல்லாத வைகாசியிலும் போதும். ஆனால் இந்த இடத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

பூவையும் நெருங்கிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று கிடைக்கும். ஆவாரம்பூவில் மகரந்தத்தாள் பத்து. எல்லாம் ஒரே அளவில் இருக்காது. மேலே உள்ள மூன்று மலடு. மற்றவற்றின் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்காமல் நுனியில் துளைவிட்டுத் திறக்கும். பெரிய தேனீ வகைகள் அதைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும்போது துளை வழியாகத் தூள் கொட்டும். இதே நுனித்துளை ஏற்பாடு கண்டங்கத்திரியிலும் தூதுவளையிலும் சுண்டையிலும் இருக்கிறது. இவை வேறு குடும்பம், ஆவாரை வேறு குடும்பம். குளோசப்பில் மகரந்தப்பையின் நுனி தெளிவாக விழுந்தால் அந்தத் துளையை நீங்களே பார்க்கலாம்.

கொத்தில் அடுத்தது பூளை. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைப் பஞ்சு. பூ எங்கே என்று குழந்தைகள் கேட்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால் அந்தப் பஞ்சு முழுவதும் பூக்கள் என்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து இதழ், இதழின் வெளிப்பக்கம் முழுக்க மயிர். இதுதான் நம் சிறுபூளை. இதற்குப் பெரும்பூளை என்று ஓர் உறவு உண்டு. அதன் கதிர் நீளமாக, கிளை நுனிகளில் கொத்தாக நிற்கும். சிறுபூளையின் கதிர் குட்டையாக இலைக்கோணத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பூளைக்கு லென்ஸ் மட்டும் போதாது; கதிர் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று காட்டும் படமும் வேண்டும்.

வேம்பு இன்னொன்றைக் கற்றுத் தரும். வேப்பிலையில் ஒரு சிற்றிலையை மட்டும் நெருங்கிப் படமெடுத்தால் அது வேம்பா, இப்போது நம் பக்கம் பலர் ஒட்டுப்பலகைக்காக நடுகிற மலைவேம்பா என்று அந்தப் படம் சொல்லாது. இலை என்று நாம் கிள்ளி எடுப்பது இலையின் ஒரு துண்டு. வேம்பில் நடுக்காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் நேராக இருக்கும். மலைவேம்பில் நடுக்காம்பு கிளைவிட்டு, அந்தக் கிளை மறுபடி கிளைவிட்டு, அதற்குப் பிறகுதான் சிற்றிலை வரும். முழு இலை எது, சிற்றிலை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடியில் மொட்டைத் தேடுங்கள். இலைக்கோணத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலையின் கோணத்தில் இருக்காது. அளவுக்கு மீறி நெருங்குவதும் படத்தைக் கெடுக்கும் என்பதற்காகத்தான் வேம்பைச் சொன்னேன்.

முறுக்குக்குப் பேர்போன இந்த ஊரில் ஒன்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். முறுக்கை மேலிருந்து பார்த்தால் எல்லாம் வட்டம்தான். மாவு இழையைக் கையால் திரித்த திரிப்பைக் கவனிக்கத் தெரிந்தவருக்குத்தான் கைமுறுக்கு எது, அச்சில் பிழிந்தது எது என்று தெரியும். செடியிலும் வட்டத்தைப் படமெடுத்துவிட்டுத் திரிப்பை விட்டுவிடுகிறோம். செடியின் பெயர் பெரும்பாலும் நாம் பார்க்காத இடத்தில் இருக்கிறது: பூவின் முதுகில், கணுவில், இலையின் அடிப்புறத்தில், காயின் தோலில்.

பூவின் முதுகு என்றேனே, அதற்குக் கோவையைச் சொல்கிறேன். வேலியில் படரும் கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. முன்னாலிருந்து பார்த்தால் இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளைப்பூ. பக்கவாட்டில் பாருங்கள். பெண் பூவின் கீழே, இதழ்களுக்கு அடியில் விரல்நுனியளவில் ஒரு பிஞ்சு இருக்கும். அது சூலகம். ஆண் பூவில் அந்த இடத்தில் வெறும் காம்புதான். சூலகம் இதழுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது குடும்பங்களைப் பிரிக்கிற பெரிய கேள்வி. அதற்குப் பதில் ஒரே ஒரு பக்கவாட்டுப் படத்தில் கிடைத்துவிடும்.

தும்பையும் அப்படித்தான். தும்பை இனத்தில் பல வகை உண்டு. எல்லாவற்றிலும் வெள்ளை உதடு, எல்லாவற்றிலும் நாற்சதுரத் தண்டு. வகை பிரிப்பவர்கள் உதட்டைப் பார்ப்பதில்லை. புல்லிக்குழலின் வாயைப் பார்க்கிறார்கள். வாய் நேராக வெட்டியிருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா? விளிம்பில் எத்தனை பல்? எந்தப் பல் நீளம்? மயிர் உள்ளேயா, வெளியேயா? நம் சாதாரணத் தும்பைக்கு அந்த வாய் சாய்ந்திருக்கும். வெள்ளைப்பூ உதிர்ந்த பிறகும் புல்லிக்குழல் செடியிலேயே நிற்கும். ஆகவே பூ உதிர்ந்த தும்பையையும் படம் எடுங்கள்.

அடுத்து கீழாநெல்லி. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதை நாம் வாயில் போடுகிறோம்.

மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லி. இலைக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்கினால் அது கீழாநெல்லி என்று நம்புகிறோம். ஆனால் இலைக்குக் கீழே காய் தொங்கும் சிறுசெடிகள் நம் வரப்பிலேயே ஒன்றுக்கு மேல் உண்டு. மருந்தாக ஆராயப்பட்ட செடி ஃபிலாந்தஸ் அமாரஸ். அதன் பூ ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அகலம். அதைக் குளோசப்பில் எடுத்து இதழை எண்ணினால் ஐந்து இருக்கும். பக்கத்திலேயே வளரும் ஃபிலாந்தஸ் டெபிலிஸ் செடிக்கு ஆறு. ஃபிலாந்தஸ் யூரினேரியா என்பதைக் காயை வைத்தே பிடித்துவிடலாம். அதன் காய் வழவழப்பாக இல்லாமல் சொரசொரவென்று இருக்கும், காம்பும் ஏறக்குறைய இருக்காது. மேலாநெல்லி என்று சொல்லும் ஃபிலாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ் செடியின் கிளைகள் நிமிர்ந்து போகும், இலை அடியில் ஒடுங்கி நுனியில் அகலும்; அதற்கும் இதழ் ஆறு. ஐந்தா ஆறா என்கிற இந்தக் கணக்கு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. லென்ஸ் வைத்த கைபேசிக்குத் தெரியும்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. 1988இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், கல்லீரல் அழற்சி பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வைரஸை நீண்ட நாளாகச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு ஃபிலாந்தஸ் அமாரஸ் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன் என்று விவாதித்தவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று, எல்லோரும் கொடுத்தது ஒரே செடிதானா, ஒரே மண்ணில் வளர்ந்த ஒரே வகைதானா என்பது. அந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லவோ செய்யாது என்று சொல்லவோ நான் இங்கு வரவில்லை. காமாலைக்கு மருத்துவரிடம் போங்கள். நான் சொல்வது இதுதான்: செடி எது என்று உறுதியாகத் தெரியாத இடத்தில், மருந்து பலித்ததா பலிக்கவில்லையா என்று பேசுவதற்கே அடிப்படை இல்லை.

2010இல் வெளியான இன்னோர் ஆய்வில் தென்னிந்தியாவின் 25 நாட்டு மருந்துக் கடைகளிலிருந்து கீழாநெல்லி வாங்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால் பங்குக் கடைகளில் இருந்தது பெரும்பாலும் சரியான அமாரஸ்தான். மீதிக் கடைகளில் அதே இனத்தைச் சேர்ந்த வேறு ஐந்து செடிகள் கிடைத்தன. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். காட்டில் பறிப்பவருக்கு எல்லாமே கீழாநெல்லிதான். காய்ந்து பொட்டலம் கட்டிய பிறகு யாராலும் கண்ணால் பிரிக்க முடியாது. பச்சையாக வரப்பில் நிற்கும்போதுதான் பிரிக்க முடியும். அந்த இடத்தில் நிற்பவர்கள் நீங்கள்.

மூக்கிரட்டையிலும் சாரணையிலும் இதே சங்கடம். இரண்டும் தரையில் படரும், இரண்டையும் கீரையாகப் பறிக்கிறார்கள், மருந்துச் சரக்கிலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போகிறது. சாரணையின் பூவைத் தேட வேண்டும். இலைக்காம்பின் அடி உறைபோல விரிந்து பூவை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். மூக்கிரட்டையின் பூ மெல்லிய காம்புகளில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காயில் பசைச் சுரப்பிகள் இருக்கும், வேட்டியில் ஒட்டும். நெருஞ்சிக்கும் யானைநெருஞ்சிக்கும் இவ்வளவு சிரமம் வேண்டாம். நெருஞ்சியில் தனித்தனியாக ஐந்து இதழ், கூட்டிலை. யானைநெருஞ்சியில் இதழெல்லாம் சேர்ந்து குழல், இலை தனியிலை.

மரத்துக்கு ஓர் உதாரணம். 2016, 2017 வாக்கில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுக்குப் பிறகு மாவட்டந்தோறும் சீமைக்கருவேலத்தை வெட்டினார்கள். அதன் நெருங்கிய உறவுதான் வன்னி. நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி. மெல்லிய கூட்டிலையும் வெளிர்மஞ்சள் கதிரும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. முள்ளைப் பாருங்கள். சீமைக்கருவேலத்தில் முள் கணுவில், இலை கிளம்பும் இடத்தில், பெரும்பாலும் சோடியாக இருக்கும். வன்னியில் குட்டையான கூம்பு முட்கள் கணுக்களுக்கு நடுவே சிதறியிருக்கும். ஒரு சாண் கொம்பைத் தெளிவாக ஒரு படம் எடுத்தால் போதும். வெட்டும் வேலை நடக்கிற ஊரில் இதைத் தெரிந்த ஒருவராவது இருந்தால் ஒரு வன்னி பிழைக்கும்.

இப்படிப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் கேமராவோடு வந்தது என்று நினைக்க வேண்டாம். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819இல் சென்னைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்தார். பின்னால் கோவையில் பல ஆண்டு பருத்தி ஆராய்ச்சியை நடத்தினார். 1838 தொடங்கி 1853 வரை அவர் வெளியிட்ட 'ஐகோனீஸ்' என்ற ஆறு தொகுதிகளில் 2101 படங்கள் இருக்கின்றன. அந்தப் படங்களை வரைந்தவர்கள் நம் மண்ணின் ஓவியர்கள். முதலில் ரங்கையா, அவருக்குப் பிறகு கோவிந்து. படத்தின் நடுவில் ஒரு கிளை. அதன் காலடியில் பிரித்துப் போட்ட பூ: புல்லி தனி, இதழ் தனி, மகரந்தத்தாள் தனி, சூலகத்தை வெட்டிய வெட்டுமுகம் தனி, எல்லாம் பல மடங்கு பெரிதாக்கி. கேமரா இல்லாத காலத்தின் குளோசப் அது. இந்த மனிதர்களைப் பற்றி நமக்கு மிகக் கொஞ்சம்தான் தெரியும் என்பது எனக்கு எப்போதும் வருத்தம். கோவிந்துவின் பெயரை வைட் ஒரு ஆர்க்கிட் இனத்துக்கு வைத்தார். அந்த மரியாதையாவது அவருக்குக் கிடைத்தது. அவர்கள் வரைந்த படம் இன்றும் அடையாளம் காண உதவுகிறது. நம் கைபேசியில் இருக்கும் ஆயிரம் படங்களில் எத்தனை உதவும் என்று நினைத்துப் பாருங்கள். வரைவதற்கு முன் எந்த உறுப்பைக் காட்ட வேண்டும் என்று அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். வேறுபாடு அதில்தான் இருக்கிறது.

நம் சமவெளிக்கென்றே ஒரு நூலும் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராபினாட் உலர்தாவரகத்தைத் தொடங்கிய கே.எம். மேத்யூ பாதிரியார், 'தமிழ்நாடு கர்நாட்டிக் தாவரத் தொகுதி' என்ற பெரும்பணியை 1981இலிருந்து 1983க்குள் வெளிக்கொண்டுவந்தார். அப்போது நாமக்கல்லும் சேர்ந்திருந்த நம் சேலம் மாவட்டம் அதில் அடக்கம். அதற்கென்றே செடிகளின் கோட்டோவியங்கள் தனித் தொகுதியாக வந்தன. இப்படிப்பட்ட நூல்களில் செடியைத் தேடும் முறை கேள்வி கேட்டுக் கேட்டுப் போவது. இலை எதிரெதிரா, மாற்றடுக்கா? இலையடிச் செதில் உண்டா? இதழ் தனியா, சேர்ந்ததா? சூலகம் மேலா, கீழா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வழி திறக்கும். உங்கள் படங்கள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்படி இருந்தால், செடி காய்ந்து மக்கிப்போன பிறகும், பத்து ஆண்டு கழித்தும், அந்தப் படத்திலிருந்து பெயரைக் கண்டுபிடிக்கலாம்.

இனி கைவேலைக்கு வருவோம். விலையுயர்ந்த கேமரா வேண்டாம். சாதாரணக் கைபேசி ஒரு அளவுக்கு மேல் நெருங்கினால் மங்கிவிடும். அதன் கண்ணுக்கு முன்னால் பத்து மடங்கு கைலென்ஸை ஒட்டிப் பிடியுங்கள், அல்லது கிளிப் மாட்டும் மேக்ரோ லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அவ்வளவு நெருக்கத்தில் தெளிவு ஒரு நூலளவு ஆழத்துக்குத்தான் இருக்கும். இதழ் தெளிந்தால் மகரந்தம் மங்கும். ஆகவே எதைக் காட்ட வேண்டுமோ அந்தப் பரப்புக்குக் கைபேசியை இணையாகப் பிடியுங்கள். ஒரே கோணத்தில் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்ந்து நாலைந்து எடுங்கள். வெள்ளைப்பூ உச்சி வெயிலில் வெளுத்து ஒன்றுமே தெரியாமல் போகும். தும்பைப் படங்கள் பெரும்பாலும் கெடுவது இதனால்தான். உங்கள் நிழலை அதன்மேல் விழவிட்டு, திரையில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு எடுங்கள். காற்றுக்குக் காம்பை விரலால் பிடித்துக்கொள்ளலாம். பூவுக்குப் பின்னால் கறுப்புத் துணியோ சிலேட்டோ பிடித்தால் மயிரும் சுரப்பியும் எடுப்பாகத் தெரியும். ஒரு படத்திலாவது பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். இரண்டு மில்லிமீட்டர் பூவும் இரண்டு சென்டிமீட்டர் பூவும் திரையில் ஒரே அளவாகத்தான் தெரியும்.

நேரமும் முக்கியம். விஷ்ணுகிராந்தியின் நீலப்பூவை விடியற்காலைக்குப் பின் சில மணி நேரத்தில் பார்த்தால் உண்டு. பிற்பகலில் போனால் மூடியிருக்கும். ஒவ்வொரு செடிக்கும் முதலில் ஒரு எண்ணைத் தாளில் எழுதி அதைப் படம் எடுங்கள், பிறகு செடி. இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் எந்தக் காய் எந்தச் செடியுடையது என்று குழம்பும். முதலில் முழுச் செடி நிற்கும் இடம், அதன்பின் கிளை, கணு, இலையின் இரண்டு பக்கம், பூ முன்னாலும் பக்கவாட்டிலும் பின்னாலும், காய். காய் ரொம்ப முக்கியம். நம் ஆட்கள் பூ முடிந்ததும் செடியை மறந்துவிடுகிறார்கள்.

படத்தில் விழாதவற்றை எழுதித்தான் வைக்க வேண்டும். நாய்வேளையைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும், ஒரு நெடி வரும். கிள்ளினால் பால் வருகிறதா, வெள்ளையா மஞ்சளா? பிரம்மதண்டில் மஞ்சள் பால். இதெல்லாம் ஒரு வரியில் அடங்கும். தேதியும் இடமும் கட்டாயம். பிடுங்க வேண்டாம்; நின்ற இடத்திலேயே எடுங்கள்.

மாணவர்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. கூகுள் லென்ஸும் பிளான்ட்நெட்டும் ஐநேச்சுரலிஸ்டும் இருக்கும்போது இவ்வளவு ஏன்? அவற்றைப் பயன்படுத்துங்கள். நானும் பயன்படுத்துகிறேன். அவை முன்பு பார்த்த இலட்சக்கணக்கான படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிட்டு, எது நெருக்கம் என்று சொல்கின்றன. தோட்டச் செடிக்கும் பெரிய பூவுக்கும் படங்கள் நிறைய இருப்பதால் அவற்றில் பெரும்பாலும் சரியாக வரும். கீழாநெல்லி மாதிரி, வேறுபாடு இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும் செடியில், நீங்கள் அந்த இரண்டு மில்லிமீட்டரைப் படம் எடுத்துக் கொடுத்தால் ஒழிய அது ஊகம்தான். ஐநேச்சுரலிஸ்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கருவி சொல்வதோடு நிற்காமல், பார்த்தவர்கள் ஒத்துக்கொண்டால்தான் பதிவு ஆய்வுத்தரம் என்ற நிலைக்குப் போகும். ஒத்துக்கொள்பவர் உங்கள் படத்தில் எதைப் பார்ப்பார்? நான் இதுவரை சொன்ன அதே கணுவையும் முதுகையும்தான். கருவி சொன்ன பெயரை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு, நூலைத் திறந்து, ஒவ்வொரு அடையாளமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் பெயரை நிறுத்தி வையுங்கள்.

படத்தை மட்டும் நம்பி எதையும் சாப்பிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று வீட்டு முற்றத்தில் பலர் வளர்ப்பது, அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த, இலை மூன்று மடலாகப் பிரியும் வேறு செடி. கண்வலிக்கிழங்கு இந்த மாவட்டத்தில் பயிராகவே இருக்கிறது. வேலியில் தானாகவும் ஏறும். அதுதான் செங்காந்தள்; பூத்தால் எல்லோருக்கும் தெரியும். பூக்காத காலத்தில் கிழங்கைத் தோண்டுகிற குழந்தைக்கு எப்படித் தெரியும்? இலையின் நுனியைக் காட்டிக் கொடுங்கள். அது சுருண்டு பற்றுக்கம்பியாக மாறி வேலியைப் பிடித்திருக்கும். அந்தக் கிழங்கு உயிரைக் கொல்லும்.

ஆடுதின்னாப்பாளையும் நம் காடுகளில் தரையோடு கிடக்கிறது. சிறுநீரக வடிவில் இலை, கருஞ்சிவப்பில் ஒரு குழல்பூ, பூவின் அடியில் வட்டமாக ஒரு சின்னச் செதில். இதன் இனமான அரிஸ்டோலோக்கியாவில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிவதற்கு மூலிகை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் மருத்துவர்கள் காரணத்தை எழுதினார்கள். சேர்க்க வேண்டிய ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, அதைப் போலவே பெயர் கொண்ட அரிஸ்டோலோக்கியா வகை ஒன்று பொடியில் கலந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். பொடியாகும் முன்பு, வேர் வெட்டப்படும் முன்பு, பூவும் இலையுமாகச் செடி நின்றபோது யாராவது சரியாகப் பார்த்திருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள். அதே ஆடுதின்னாப்பாளையைத் தின்றுதான் சிவப்புடல் கொண்ட அழகுப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் வளர்கின்றன. ஆகவே அதைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

நேரமாகிவிட்டது. இந்த மேசையில் இரண்டு சின்னச் செடிகள் இருக்கின்றன. இரண்டும் தரையோடு ஒட்டிப் படரும், இரண்டுக்கும் கிள்ளினால் பால் வரும், இரண்டின் இலையும் அரிசி அளவு. அம்மான் பச்சரிசியின் உறவுக்காரர்கள். ஒன்று சித்திரப்பாலாடை என்னும் யூஃபோர்பியா தைமிஃபோலியா, மற்றொன்று யூஃபோர்பியா பிராஸ்ட்ரேட்டா. நம் ஊர்ச் சுவரோரத்தில் இரண்டும் கலந்தே முளைக்கின்றன. காய் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும், மூன்று விளிம்பு உண்டு. விளிம்புகளில் மட்டும் மயிர் இருந்தால் பிராஸ்ட்ரேட்டா. காய் முழுக்க மயிர் பரவியிருந்தால் தைமிஃபோலியா. பெயர்ச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். லென்ஸ் இங்கே இருக்கிறது. மாணவர்கள் முதலில் வாருங்கள். காயைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.